ஆய்வுக்கூடத்தில் பெயர் இல்லாதவர்கள்: வேலூர் மருத்துவ ஆராய்ச்சியின் இன்னொரு வரலாறு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று தோல். இன்னொன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது நாம் சொல்லும் சி.எம்.சி. தோல் என்றதும் நம்மை நினைப்பார்கள். சி.எம்.சி என்றதும் டாக்டர்களை நினைப்பார்கள். பாலாற்றங்கரையில் தோல் ஊறும் தொட்டியில் இறங்குபவர் உழைப்பாளி. அதே வட்டாரத்தில் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்திருப்பவர் அறிவாளி. இந்தப் பிரிவினை நம் தலைக்குள்ளும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் மருத்துவ ஆராய்ச்சியின் வரலாற்றைப் பற்றிப் பேசும்போது அது நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நாமே ஒதுங்கிக்கொள்கிறோம்.

இந்தக் கட்டுரையில் அந்தக் கதையை வேறு இடத்திலிருந்து படிக்கப் போகிறோம். ஆய்வுக்கூடத்தில் உண்மையில் யார் யார் வேலை செய்தார்கள், யாருடைய ரத்தம் சோதிக்கப்பட்டது, யாருடைய பெயர் அச்சில் வந்தது, யாருடைய பெயர் வரவில்லை என்று பார்ப்போம்.

ஆய்வுக்கூடம் என்ற ஏணி

உயிர்மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் நுண்ணோக்கியைக் குனிந்து பார்க்கும் படம்தான் மனதில் வரும். பாடப்புத்தகமும் சினிமாவும் நமக்குக் கொடுத்த படம் அது. உள்ளே போனால் அங்கே ஓர் ஏணி இருப்பது தெரியும்.

உச்சியில் ஆய்வுத் திட்டத்தின் தலைவர். நிதி அவர் பெயரில் வருகிறது, கட்டுரையும் அவர் பெயரில் போகிறது. அடுத்து மற்ற விஞ்ஞானிகள், பிஎச்.டி மாணவர்கள். அதற்குக் கீழே டெக்னீசியன்கள். அதற்கும் கீழே உதவியாளர்கள். பிப்பெட்டும் ஃபிளாஸ்க்கும் கழுவுகிறவர், ஆட்டோகிளேவில் கிருமி நீக்குகிறவர், எலிக்கூண்டைச் சுத்தம் செய்து தீனி போடுகிறவர், மஞ்சள் பையில் போட்ட ரத்தக் கழிவைத் தூக்கிப் போகிறவர். கட்டடத்துக்கு வெளியே, வெயிலில், ஐஸ் பெட்டியைச் சுமந்து வீடு வீடாகப் போய் மாதிரி சேகரிக்கும் களப்பணியாளர். எல்லாவற்றுக்கும் கீழே, தன் உடம்பிலிருந்து ரத்தமோ மலமோ சளியோ கொடுக்கிறவர். அவரைக் கட்டுரையில் 'பங்கேற்பாளர்' என்று எழுதுவார்கள்.

இந்த ஏணியில் ஒரு படி சரியாக இல்லாவிட்டாலும் முடிவு தப்பாகிவிடும். குழாய் சரியாகக் கழுவப்படவில்லை என்றால் சோதனை கெட்டுவிடும். மாதிரி எடுத்த நேரத்தைக் களப்பணியாளர் தவறாக எழுதினால் மூன்று வருட ஆய்வும் வீண். அறிவியல் என்பது இவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை. மரியாதை மட்டும் ஏணியின் மேல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கிவைக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் சொன்னதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஒரு கொசுவுக்கு ஓர் அணா

இது வேலூரில் தொடங்கிய பழக்கமும் இல்லை. 1897 ஆகஸ்ட் மாதம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். 1902-இல் நோபல் பரிசு வாங்கினார். அந்தக் கொசுக்கள் யாரைக் கடித்தன? ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியை. கடிக்கவிட்ட ஒவ்வொரு கொசுவுக்கும் அவருக்கு ஓர் அணா கூலி. பிறகு கல்கத்தாவில் ராஸின் ஆய்வுக்கூடத்தில் கொசு பிடித்து, வளர்த்து, பறவைகளைக் கவனித்துக்கொண்டவர் முகமது பக்ஸ் என்ற உதவியாளர். இந்த இருவரின் பெயராவது தப்பிப் பிழைத்து நம் கைக்கு வந்திருக்கிறது. மற்ற எத்தனையோ பெயர்கள் வரவே இல்லை.

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத் தோழர் இருந்தார். கல்லூரிக்குப் போகச் சேர்த்த பணம் 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வங்கியோடு சேர்ந்து மூழ்கியது. ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாய்களுக்கு அறுவை செய்து நுட்பங்களை உருவாக்கினார். ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் பதவி துப்புரவுப் பணியாளர். 1944-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பிறவி இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரித்த குழந்தைக்கு முதன்முதலாக அறுவை நடந்தபோது, பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி மேல் நின்று அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்னவர் தாமஸ். அறுவைக்கு டாக்டர்களின் பெயர் வைக்கப்பட்டது. தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது 1976-இல்.

நிறம் அங்கே செய்ததைத்தான் சாதி இங்கே செய்கிறது. இப்போது நம் ஊருக்கு வருவோம்.

முதல் படுக்கையிலிருந்து

ஐடா ஸ்கடர் கதை வேலூரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். பெண் டாக்டர் இல்லை. ஆண் டாக்டரை உள்ளே விட அவர்களுக்கு மனமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைப் பார்த்த இளம்பெண் ஐடா மருத்துவம் படிக்க முடிவுசெய்தார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தக் கதையில் வரும் மூன்று ஆண்களில் ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் உயர்சாதி இந்து. நம் சேரிப் பெண்கள் இந்தக் கதையில் எங்கே? அவர்களுக்குப் பிரசவம் பார்க்க அந்தக் காலத்தில் டாக்டர் வரவே மாட்டார், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும். பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். தொப்புள்கொடி அறுப்பதும் ரத்தத்தைத் தொடுவதும் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட சாதிப் பெண்களின் கையில் அந்த அறிவு இருந்தது. தீட்டு என்று சொன்னவர்கள் அந்த அறிவுக்கு அறிவு என்ற பெயரைக் கொடுக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக இருந்தார் என்பதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். மருத்துவம் நம்மிடம் இல்லாத ஒன்றாக இருந்ததே இல்லை.

ஸ்கடர் குடும்பம் 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனில் பெரும்பாலும் சேர்ந்தவர்கள் யார்? ஆற்காடு வட்டாரத்துச் சேரி மக்கள். கோயிலும் குளமும் மூடியிருந்த காலத்தில் பள்ளிக்கூடமும் மருந்தும் கிடைத்த வாசல் அது. அதை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்த வாசல் வழியாக உள்ளே போனவர்கள் எந்தப் படியில் நிறுத்தப்பட்டார்கள் என்பதுதான் நம் கேள்வி.

ஒரு ஜோடி செருப்பு செய்த விஞ்ஞானம்

இந்த வட்டார ஆராய்ச்சிகளில் நம் மனதுக்கு மிக நெருக்கமானது தொழுநோய் ஆராய்ச்சி. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூருக்கு வந்தார். 1948-இல் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தத் தொடங்கினார். 1955-இல் வேலூருக்கு வெளியே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. ஊருக்கு வெளியே என்ற சொல் நமக்குப் புதியதல்லவே. தொழுநோயாளியையும் சேரியையும் ஒரே திசையில்தான் இந்தச் சமூகம் தள்ளிவைத்தது.

அதுவரை உலகம் நினைத்தது என்ன? தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்று. பிராண்டின் குழு அது தப்பு என்று காட்டியது. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைக் கொல்கிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி குத்தியதும் தெரியாமல் நடக்கிறார்கள், தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரிவதில்லை. காயம்தான் விரலைத் தின்கிறது.

இந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள்? கல்லூரி வளாகத்தில் 1951-இல் தொடங்கிய 'நவஜீவ நிலையம்' என்ற குடியிருப்பில் இருந்த இளைஞர்களோடு சேர்ந்துதான். அறுவை முடிந்து அங்கே தச்சு வேலை கற்றுக்கொண்டிருந்தவர்கள் தினமும் தங்கள் கையையும் காலையும் பரிசோதித்தார்கள். ஒவ்வொரு புதுக் காயமும் எப்போது, எதனால் வந்தது என்று துப்பறிந்தார்கள். அதை நாம் என்னவென்று சொல்வோம்? தரவு சேகரிப்பு. அந்த இளைஞர்கள் நோயாளிகளாக இருந்துகொண்டே ஆராய்ச்சியாளர்களாகவும் இருந்தார்கள்.

அடுத்த கேள்வி காலைப் பற்றியது. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் தடுக்க வேண்டும். பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் சேரக் கூடாது. அதற்கு மருந்து கிடையாது, செருப்புதான் உண்டு. எத்தனையோ வகை அடிப்பாகங்களைச் சோதித்து, நுண்ணறை ரப்பரால் செய்த மென்மையான செருப்புக்கு வந்து சேர்ந்தார்கள். எம்.சி.ஆர் செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிறார்களே, அதன் பூர்வீகம் வேலூரும் கரிகிரியும்தான். கரிகிரியில் காலணிப் பட்டறை ஆய்வுக்கூடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். செருப்புத் தைப்பதை இழிதொழில் என்று சொல்லித்தான் ஒரு சமூகத்தையே ஊருக்கு வெளியே வைத்தார்கள். அதே வேலை, வாரை எங்கே கட்டினால் உறுத்தாது, அடித்தோல் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும், தையல் எங்கே வரக் கூடாது என்கிற அதே அறிவு, மருத்துவ ஆராய்ச்சியின் மேசைக்கு வந்ததும் உலகம் முழுக்கப் பாடமாகிவிட்டது. கை மாறவில்லை, அறிவும் மாறவில்லை. அது நடந்த கட்டடம் மாறியதும் அதற்குக் கிடைத்த பெயர் மாறிவிட்டது.

1986: மஞ்சளாக மாறிய ஆறு கிணறுகள்

இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை, நம் கலாச்சாரம் அப்படி என்று பத்திரிகைகளும் அதிகாரிகளும் பேசிக்கொண்டிருந்த காலம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்ற மாணவியிடம், பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வுத் தலைப்பாக எய்ட்ஸைக் கொடுத்தார். நிர்மலா மெட்ராஸில் இருந்த பெண்கள் காப்பகத்துக்குப் போனார். பாலியல் தொழிலாளர் என்று கைது செய்யப்பட்டு, ஜாமீன் கட்ட வழியில்லாமல் அடைபட்டிருந்த பெண்களிடமிருந்து ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. எதற்காக எடுக்கிறார் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவும் இல்லை.

சேர்ந்த 80 மாதிரிகளைச் சோதிக்க மெட்ராஸில் வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடி வந்து இறங்கினார்கள். சி.எம்.சியில் ஜேக்கப் ஜான் நடத்திய வைராலஜி துறையில் எலிசா சோதனை நடந்தது. சின்னச் சின்னக் கிணறுகள் போலக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், ஆறு குழிகள் மஞ்சளாக மாறின. மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

இது பெரிய கண்டுபிடிப்பு. அதனால் ரத்த வங்கிகளில் சோதனை வந்தது, எத்தனையோ உயிர் பிழைத்தது. நிர்மலாவின் உழைப்பை நாம் மனதார மதிக்கிறோம். 1987-இல் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குப் போன அவரையே பத்திரிகைகள் முப்பது வருடம் கழித்துத்தான் தேடிப் பிடித்தன. ஏணியில் ஒரு படி கீழே நிற்கும் மாணவிக்கே அந்த நிலை.

அந்த ஆறு பெண்கள்? அவர்கள் பெயர் வெளிவராதது சரி, அது அவர்கள் உரிமை. ஆனால் அவர்களுக்கு என்ன கிடைத்தது? இந்திய அரசு எச்.ஐ.விக்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். பதினெட்டு வருடம். அந்த இடைவெளியில் மருந்துக்குப் பதிலாகக் கிடைத்தது பூட்டு. கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் மெட்ராஸ் காப்பகத்தில் அடைத்துவைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் போன்றவர்கள் வழக்காடி, 1990-இல் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவர்களை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

மனிதர்கள் மீதான ஆராய்ச்சிக்கு நெறிமுறை வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தது. காகிதத்தில் இருந்தது காப்பகத்தின் கதவு வரை வந்து சேரவில்லை. இதைத் தனிமனிதர்களின் குற்றமாக நாம் பார்க்கவில்லை. யாரிடம் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமூகம் நினைக்கிறதோ, அவர்களிடம் ஆராய்ச்சியும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது.

இது பழங்கதையும் இல்லை. 2009-10-இல் ஆந்திராவின் கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, பெற்றோரைக் கேட்காமல் விடுதி வார்டன்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013-இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

மூன்று தெருக்கள், 452 குழந்தைகள்

வேலூர் நகரத்துக்குள்ளேயே ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா என்று மூன்று பகுதிகள். நெருக்கமான வீடுகள், குடிநீர்த் தட்டுப்பாடு, திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள். 2002-இலிருந்து இங்கே பிறந்த குழந்தைகளை சி.எம்.சியின் வெல்கம் ஆய்வுக்கூடம் பின்தொடர்ந்தது. 452 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள், 373 பேர் மூன்று வயது வரை ஆய்வில் இருந்தார்கள். களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீடு தேடிப் போனார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழந்தையின் மலத்தைச் சேகரித்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கூடுதலாக.

கேள்வி ரோட்டா வைரஸ் பற்றியது. மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்கு அடுத்து கடுமையான நோய் வரவில்லை. வேலூரில் மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். நம் குழந்தைகள் பிறந்த சில மாதங்களிலேயே, திரும்பத் திரும்ப, பல வகை வைரஸோடு போராடுகிறார்கள் என்பதுதான் அதன் பொருள். 2011-இல் இது உலகின் முன்னணி மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆய்வை வழிநடத்திய ககன்தீப் காங் 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்த உறுப்பினர் பதவி பெற்ற முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவர்தான்.

பிறகு இந்தியாவிலேயே தயாரான ரோட்டாவாக் தடுப்பு மருந்தைச் சோதிக்க டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். மூவரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்தில்லாத சொட்டு. 2016-இல் ரோட்டாவாக் அரசின் தடுப்பூசித் திட்டத்துக்கு வந்தது. இன்று அரசு சுகாதார நிலையத்தில் நம் குழந்தைக்கு இலவசமாகக் கிடைக்கும் ரோட்டா சொட்டு மருந்துக்குப் பின்னால் இந்த மூன்று தெருக்களும் இருக்கின்றன.

இங்கே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். இந்த ஆய்வு நமக்கு நன்மை செய்தது. வாரம் இருமுறை ஒருவர் வந்து கேட்டதால் பல குழந்தைகளுக்கு உடனே வைத்தியம் கிடைத்திருக்கும். அதே சமயம் அந்தத் தெருவில் வைரஸ் அப்படிச் சுற்றியதற்குக் காரணம் சாக்கடையும் குடிநீரும். அந்தச் சாக்கடையை யாருக்கு ஒதுக்கினார்கள் என்பதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. ஆய்வு முடிந்து ஐஸ் பெட்டி திரும்பிப் போன பிறகும் சாக்கடை அங்கேயே இருக்கும். மாதிரி கொடுத்த தெருவுக்கு மருந்து போலவே குடிநீரும் கடன்பட்டிருக்கிறது.

அந்தக் களப்பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். எந்த வீட்டில் தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார், எந்தப் பாட்டி சம்மதித்தால்தான் கதவு திறக்கும், எந்தக் குழந்தை அழுதால் பசி, எந்தக் குழந்தை அழுதால் நோய் என்று அவர்களுக்குத் தெரியும். நம்பிக்கை என்ற கருவி அவர்கள் கையில்தான் இருந்தது. கட்டுரையின் கடைசியில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரியில் இப்படிப்பட்ட உழைப்பை அடக்கிவிடுவது உலகம் முழுக்க வழக்கம்.

ஆய்வுக்கூடம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை

ஆய்வுக்கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்பது எந்தக் கேள்வி கேட்கப்படும் என்பதையும் தீர்மானிக்கிறது. தோல் தொழிலைப் பாருங்கள். தோல் பொருளைச் சோதிக்க 1948-இலேயே சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்துவிட்டது. மாட்டுத் தோலில் இருக்கும் கொலாஜனைப் பிரித்து, தீக்காயத்தின் மேல் போடும் மருத்துவப் போர்வையாக மாற்றும் உயிர்மருத்துவ ஆராய்ச்சியும் அங்கே நடந்தது. நம் ஆட்கள் உரித்து, உப்புப் போட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்த அதே தோல்.

தோலுக்கு இவ்வளவு ஆராய்ச்சி. தோலைத் தொட்டவரின் தோலுக்கு எவ்வளவு? குரோமியம் பட்டு வெடிக்கும் கை, சுண்ணாம்புத் தொட்டியில் அரிக்கும் கால், தோல் தூசியில் இழுக்கும் மூச்சு, காலணித் தொழிற்சாலையில் பசை வாசனையோடு நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் முதுகுவலி. இவற்றைச் சோதிக்கும் நிரந்தர ஆய்வுக்கூடம் ஒவ்வொரு தோல் நகரத்திலும் இருந்திருக்க வேண்டும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனது என்று அதில் பதிவாகியிருக்கிறது. நிலத்தை அளந்தார்கள், கிணற்றை அளந்தார்கள். நுரையீரலை அளந்தது போதாது. 2015 ஜனவரி 31 விடியற்காலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உழைப்பாளி மாறினாலும் தொட்டிக்குப் பக்கத்தில் படுக்கவைக்கும் முறை மாறவில்லை.

கதவில் தொங்கும் பூட்டுகள்

இனி, நம் பிள்ளைகள் ஏணியில் மேலே ஏறுவதைப் பற்றி. மூன்று பூட்டுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பூட்டு 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து மதத்தில் இருப்பவரை மட்டும் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே. ஆற்காடு மிஷன் காலத்தில் மதம் மாறிய சேரிக் குடும்பத்தின் பேரப்பிள்ளை இன்றும் அதே சேரியில் வாழ்கிறார், அதே வசவைக் கேட்கிறார். ஆனால் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது.

இரண்டாம் பூட்டு அரசியலமைப்பின் 15(5) பிரிவு. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீடு கொண்டுவர வழி பிறந்தது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு கொடுக்கப்பட்டது. சிறுபான்மையினர் உரிமையை நாம் ஆதரிக்கிறோம். அந்தச் சிறுபான்மைக்குள்ளும் சேரி உண்டு என்பதை நிறுவனங்கள் தாங்களாகவே ஒப்புக்கொண்டு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

மூன்றாம் பூட்டு பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களில், ஆராய்ச்சியை நடத்துகிற, வழிகாட்டுகிற பதவிகளில் 'ஏ' பிரிவின் கடைநிலைக்கு மேலே உள்ளவற்றுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு கொடுக்க அரசு ஆணை இடம் தருகிறது. அதாவது குழாய் கழுவும் வேலைக்கு ஒதுக்கீடு உண்டு, எதைச் சோதிப்பது என்று முடிவு செய்யும் வேலைக்கு இல்லாமல் போகலாம். உள்ளே போனவர்கள் படும் பாட்டுக்கு, எய்ம்ஸ் பற்றி 2007-இல் தோரட் குழு கொடுத்த அறிக்கையே போதும். தேடிப் படியுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

வரலாற்றைத் தெரிந்துகொண்டு பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். நம் பகுதியில் ஆஸ்பத்திரியில் ஆயாவாக, வார்டு பாயாக, லேப் உதவியாளராக, களப்பணியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அத்தைகளும் பெரியப்பாக்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். போனை எடுத்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்த வருடம், என்ன வேலை, என்ன கூலி, கையில் ஊசி குத்தியபோது யார் கவனித்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் பெயர் போடுங்கள். ஆராய்ச்சி எப்படி நடக்க வேண்டும் என்று முதலில் நாம் நடந்து காட்டுவோம்.

இரண்டு, உயிர்மருத்துவக் கழிவு விதிகளைப் படியுங்கள். 1998-இல் வந்த விதி 2016-இல் புதுப்பிக்கப்பட்டது. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் மஞ்சள்காமாலை 'பி' தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் கொடுக்க வேண்டும், பாதுகாப்புக் கவசம் கொடுக்க வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்பது சாக்கு ஆகாது. உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் பையைத் தூக்குகிற அம்மாவிடம் ஊசி போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்று, உங்கள் தெருவில் ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டு வந்தால் விரட்ட வேண்டாம். கேள்வி கேளுங்கள். எதற்காக, யார் பணத்தில், முடிவை எங்களுக்கு எப்போது தமிழில் சொல்வீர்கள், பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கேட்பது சட்டம் கொடுத்த உரிமை.

நான்கு, உள்ளே போங்கள். மருத்துவம் கிடைக்கவில்லை என்று உடைந்துபோகும் தம்பி தங்கைகளுக்கு நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், பொதுச் சுகாதாரம், லேப் டெக்னாலஜி என்று இத்தனை வாசல் இருப்பதைச் சொல்லுங்கள். தோல் பதனிடும் அப்பாவின் மகள் தொழில்சார் நோய்களை ஆராயும் விஞ்ஞானியானால், குரோமியம் பற்றி அவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். அந்தக் கேள்விக்காக நம் மாவட்டம் நூறு வருடமாகக் காத்திருக்கிறது.

கரிகிரியின் செருப்பு நமக்குச் சொல்வது இதுதான். நம் கையில் இருந்தது வெறும் உழைப்பு என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்கள். அது அறிவாக இருந்தது, இன்றும் அறிவாகவே இருக்கிறது. அந்த அறிவுக்கு உரியவர்களின் பெயரை எழுதும் வேலை நம்முடையது. அதை இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.

ஜெய் பீம்.